அலட்சியமா, நோயா?

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை. அங்கே வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். கெட்டிக்காரத் தொழிலாளி. ஆனால் ஒருநாள், சக்கில் மாட்டிய சாவியைக் கழற்றாமலே மோட்டாரைப் போட்டுவிட்டார். சாவி தெறித்து, நெற்றியில் ஆறு தையல். அதற்கு முந்திய மாதந்தான் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து எழுந்திருந்தார்.

"கண்ணு எங்கேய்யா போச்சு?" என்று மேஸ்திரி திட்டுகிறார். "எத்தனை தடவை சொன்னாலும் உங்களுக்கு உறைக்காதா?" என்று மனைவி அழுகிறார். பள்ளிக்கூட நாளிலேயே புத்தகப் பையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தவர் அவர். ஏன் இப்படி நேர்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

இப்படிப்பட்டவர்கள் எல்லாரும் அலட்சியப் பேர்வழிகள் அல்லர். சிலருக்கு இருப்பது, டாக்டர்கள் 'ஏ.டி.எச்.டி.' என்று குறிப்பிடும் கவனக் குறைபாட்டுக் கோளாறு.

சிறுவர்களுக்கு மட்டுமா?

1902-ல் லண்டனில் டாக்டர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய குறைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றியபோது, குழந்தைகளைப் பற்றியே பேசினார். வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. ஆனால் பலருக்கு அது முழுதும் சரியாவதில்லை. ஓடியாடும் துறுதுறுப்பு அடங்கிவிடுகிறது. கவனம் சிதறுவதும், யோசிக்குமுன் காரியத்தில் இறங்குவதும் தங்கிவிடுகின்றன. பழகிப்போன, சலிப்பூட்டும் வேலையில்தான் மனம் அதிகம் நழுவும். தினமும் போகும் சாலையும், தினமும் பற்றவைக்கும் அடுப்பும் அத்தகையவைதாமே!

ஆய்வுகள் கூறுவது

ஸ்வீடனில் இக்கோளாறு உள்ள 17,000-க்கும் மேற்பட்டவர்களை 2006 முதல் 2009 வரை கவனித்ததில், கடும் போக்குவரத்து விபத்துகளில் சிக்கும் அபாயம் மற்றவர்களைவிட அவர்களுக்குச் சுமார் 45 சதவீதம் அதிகம் எனத் தெரிந்தது. 2015-ல் வெளியான டென்மார்க் ஆய்வின்படி, இவர்களிடையே அகால மரணம் அதிகம். அதற்கு முதற்காரணம் விபத்தே.

ஆறுதலான செய்தியும் உண்டு. அமெரிக்காவில் சுமார் 23 லட்சம் பேரின் விவரங்களை ஆராய்ந்து 2017-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரே நபர் மருந்து பெற்ற மாதங்களும் பெறாத மாதங்களும் அதில் ஒப்பிடப்பட்டன. மருந்து பெற்ற மாதங்களில் வாகன விபத்து அபாயம் ஆண்களுக்கு 38 சதவீதமும் பெண்களுக்கு 42 சதவீதமும் குறைவாக இருந்தது.

கண்டறிவது எப்படி?

அடிபடுகிறவர்களுக்கெல்லாம் இக்கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. தூக்கமின்மை, தைராய்டு, மனச்சோர்வு, மது ஆகியவையும் கவனத்தைக் கெடுக்கும். இக்கோளாறின் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, வேலை என ஓரிடத்துக்கு மேல் தொல்லை தர வேண்டும். மனநல டாக்டரே இதைத் தீர்மானிக்க முடியும். இதற்கான மெதில்பெனிடேட் போன்ற மருந்துகளை, இரத்த அழுத்தமும் இதயமும் பார்த்த பிறகே தருவார்கள். பிறருக்குத் தந்த மாத்திரையை வாங்கி விழுங்குவது ஆபத்து.

வீட்டிலும் பட்டறையிலும்

சிகிச்சையோடு சில ஏற்பாடுகளும் வேண்டும். சக் சாவி கையில் இல்லையெனில் அதற்குரிய ஆணியில்தான் தொங்க வேண்டும். ஸ்கூட்டர் சாவியை ஹெல்மெட்டுக்குள்ளேயே வைக்கலாம். டெலிபோனைப் பையில் போட்டு மூடிய பிறகே வண்டியைக் கிளப்பலாம். அடுப்பில் பால் இருக்கும்வரை சமையலறையை விட்டு நகராதிருக்கலாம்.

பெங்களூர்வாசிகளுக்கு ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' இலவசத் தொலைபேசிச் சேவையில் (எண் 14416) தமிழிலேயே ஆலோசனை பெறலாம். டாக்டரிடம் போகும்போது, சிறு வயதில் எப்படி இருந்தார் என்று சொல்லக்கூடிய தாயாரையோ அண்ணனையோ அழைத்துச் செல்வது நல்லது. அவர்கள் ஊரில் இருந்தால், முன்கூட்டியே விசாரித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம்.