தொட்டால் அடங்கும் இரைச்சல், கிட்டாருக்குள் வானொலி... தெரியுமா?

எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்புக்குக் காதே கிடையாது, தெரியுமா? உள்ளே இருப்பது காந்தம். அதைச் சுற்றித் தலைமுடி தடிமனில் செம்புக் கம்பி; இந்தச் சுருளைத்தான் ‘காயில்’ என்பார்கள். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் ஏறக்குறைய 8,000 சுற்று! மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும், கம்பியில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே விதிதான். பிக்கப் காட்டும் விநோதக் கோளாறுகள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

இரைச்சலுக்கும் சுருதி உண்டு!

ஒற்றைக் காயில் பிக்கப் ‘ம்ம்ம்’ என்று முனகுவது வீட்டு மின்சாரத்தின் குரல். நம் ஊரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் முனகல் ஏறக்குறைய ‘ஜி’ சுரத்தில் நிற்கும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அங்கே அது ‘பி ஃப்ளாட்’டுக்கும் ‘பி’க்கும் நடுவே தொங்கும்! கிட்டாரோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஏதோ ஒரு திசையில் முனகல் சட்டென்று குறையும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-ல் இதற்கு முடிவு கட்டினார்: எதிரெதிராக இரண்டு காயில், எதிரெதிராக இரண்டு காந்த முனை. இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், இசை மட்டும் கூடும். அதுதான் ஹம்பக்கர்!

தொட்டால் அடங்குகிறதா, எகிறுகிறதா?

தந்தியில் கை வைத்ததும் இரைச்சல் குறைந்தால் பயப்படாதீர்கள், எர்த் சரியாக இருக்கிறது. சுற்றியுள்ள மின் இரைச்சலை உங்கள் உடம்பே வாங்கிக் கிட்டாருக்குக் கடத்திக்கொண்டிருந்தது. தொட்டதும் அது எர்த்துக்கு இறங்கிவிடுகிறது. தொட்டும் மாற்றமே இல்லையா? தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் அறுந்திருக்கலாம். தொட்டால் எகிறுகிறதா? ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கக்கூடும்! தந்தியில் சுரீரென்று ஷாக் அடித்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். கோளாறு கிட்டாரில் அல்ல, ஆம்ப்பிலோ சுவர் பிளக்கிலோ இருக்கும். ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-ல் வேல்ஸின் ஸ்வான்சி நகரில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒருபோதும் வெட்டாதீர்கள்!

காந்தமே சுருதியைக் கலைக்கும்!

டியூனர் பச்சை காட்டுகிறது. ஆனால் தடித்த தந்தியை மேல் ஃப்ரெட்டுகளில் வாசித்தால் ஒரே சுரம் இரண்டாகப் பிளந்து தள்ளாடுகிறது. புதுத் தந்தி போட்டும் சரியாகவில்லை! பிக்கப் அளவுக்கு மீறித் தந்தியை நெருங்கியிருக்கிறது, காந்தம் தந்தியை இழுத்துப் பிடிக்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அடிக்கடி வருவதால் ‘ஸ்ட்ராட்டைடிஸ்’ என்று நோய்போலப் பெயரே வைத்துவிட்டார்கள். மருந்து? ஒரு ஸ்க்ரூடிரைவர். பிக்கப்பைச் சற்றுக் கீழே இறக்கினால் போதும்!

அறுந்த காயிலும் பாடும்!

கம்பி எங்கோ அறுந்துபோன பிக்கப் ஊமையாகிவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? எப்போதும் அப்படி ஆவதில்லை! அறுந்த இரு முனைகளின் சுற்றுகள் நெருக்கமாக இருப்பதால் அவை கெப்பாசிட்டர் போல வேலை செய்யும். மேல் சுரங்கள் மட்டும் தாண்டிவந்து, தகரம் தட்டியது போன்ற மெல்லிய ஒலி கேட்கும். மல்டிமீட்டர் உண்மையைச் சொல்லும்: நல்ல ஒற்றைக் காயிலில் பெரும்பாலும் 5 முதல் 7 கிலோ ஓம். அறுந்ததில் முள் அசையவே அசையாது.

காது முளைத்த பிக்கப்!

காதே கிடையாது என்றோமே? காயில் சுற்று தளர்ந்துவிட்டால் முளைத்துவிடும்! பிக்கப்புக்கு முன்னால் கத்தினால் ஆம்ப்பில் உங்கள் குரல் வரும். ஒலியைக் கூட்டினால் ‘கீஈஈ’ என்ற அலறல்! தளர்ந்த கம்பிகள் காற்றதிர்வில் தாமே ஆடுவதுதான் காரணம். உருக்கிய மெழுகில் பிக்கப்பை முக்கி எடுத்தால் சுற்றுகள் இறுகிவிடும். சூடு கூடினால் கம்பி சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பாபின் நெளிந்துவிடும், ஜாக்கிரதை!

கிட்டாருக்குள் செய்தி வாசிப்பவர்!

ஆம்ப்பிலிருந்து திடீரென்று வானொலி நிகழ்ச்சி! காயிலும் நீளமான கேபிளும் ஏரியல் ஆகிவிட்டன. ஆம்ப்பின் முதல் கட்டத்து டிரான்சிஸ்டரோ வால்வோ, சில சமயம் சரியாகப் பற்றாத சோல்டரோகூட ஏ.எம். அலையிலிருந்து குரலைப் பிரித்துக் கொடுத்துவிடும்! முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

தந்தியே குற்றவாளி!

அக்கூஸ்டிக் கிட்டாரின் வெண்கலத் தந்தியை எலெக்ட்ரிக்கில் மாட்டினால், தடித்த தந்திகள் பம்மிப்போய் மெல்லிய இரண்டும் மட்டும் உரக்கக் கத்தும். வெண்கலத்தைக் காந்தம் கண்டுகொள்ளாது. உள்ளே இருக்கும் எஃகு மட்டும்தான் அதற்குத் தெரியும்! பழைய பாணி ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்றாம் தந்தி மட்டும் முந்திரிக்கொட்டையாக முந்துகிறதா? 1950-களில் அது சுருள் சுற்றிய தந்தி. அதற்கேற்பவே அந்தத் தந்திக்கு அடியில் உள்ள காந்தத்தை உயர்த்தி வைத்தார்கள். இன்று சுற்றில்லாத வெறும் எஃகுத் தந்தி வந்துவிட்டது, காந்தத்தின் உயரமோ மாறவில்லை!

கோளாறு வரமானது!

1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிக்கப் மூன்று, ஸ்விட்ச் நிலையும் மூன்றே. கலைஞர்கள் ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே சிக்கவைத்து, இரு பிக்கப்புகளை ஒன்றாக ஒலிக்கவிட்டார்கள். அந்தக் கண்ணாடிக் குரலுக்கு மயங்காதவர் இல்லை! 1977-ல் ஃபெண்டரே ஐந்து நிலை ஸ்விட்சைப் பொருத்திவிட்டது.

இன்னொன்று கேளுங்கள். இரண்டு பிக்கப்பையும் சேர்த்து வாசித்தால் மட்டும் ஒலி மூக்கால் பேசினால், ஒன்று மற்றதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒரு பிக்கப்பின் இரு ஒயர்களையும் இடம் மாற்றினால் சரியாகும். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் வைத்திருந்த 1959 லெஸ் பால் கிட்டாரில் ஒரு பிக்கப்பின் காந்தம் இப்படித்தான் தலைகீழ்! யாரும் திருத்தவில்லை. அந்தக் குரலோடே ‘கிரீனி’ என்ற பெயரில் கேரி மூரிடம் போய், இன்று மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது!

கடைசியாக ஒன்று: பழைய கிப்சன் ஹம்பக்கரின் அடியில் ஒட்டிய காப்புரிமை எண்ணைத் தேடிப்போனால் பிக்கப் கிடைக்காது. அது, தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் லெஸ் பாலின் டெயில்பீஸுக்குக் கொடுத்த எண்! காந்தம் சரி, காயில் சரி, ஒயரும் சரி. கோளாறு ஒட்டிய ஸ்டிக்கரில்!