படலையில் செருகிய கடிதம் யாருக்குக் கிடைக்கும்?

வவுனியாவிலிருந்து மன்னார் போகும் ஏ-30 வீதியில் பூவரசங்குளம் சந்தியைத் தாண்டி உள்ளே இறங்கினால், கடிதப் பெட்டி இல்லாத வீடுகளே கூடக் கண்ணில் படும். தபால்காரர் சைக்கிள் மணியை அடிப்பார். வீட்டுக்காரர் வயலுக்கோ கூலி வேலைக்கோ போயிருந்தால், கடிதம் படலைக் கம்பிக்குள் செருகப்படும். இல்லாவிட்டால் சந்திக் கடையில் ஒப்படைக்கப்படும். மாரி மழை நனைக்கும், குரங்கு இழுத்துக் கிழிக்கும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை விளையாட்டாக எடுத்துப் போகும். வேண்டாதவர் கையில் அகப்பட்டால் அது வந்த சுவடே இருக்காது.

எல்லாம் கைத்தொலைபேசியில்தானே வருகிறது என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் எங்கள் உரிமையைத் தொடும் விடயங்கள் இன்னும் தாளில்தான் வருகின்றன. காணிக் கச்சேரிக்கு வரச் சொல்லும் அறிவித்தல், காணி உத்தரவுப்பத்திரம் பற்றிப் பிரதேச செயலகம் அனுப்பும் கடிதம், நீதிமன்ற அழைப்பாணை, தனிப்பட்ட பரீட்சார்த்தியின் அனுமதி அட்டை, வாக்காளர் அட்டை, காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்தின் விசாரணை அழைப்பு எல்லாம் அப்படித்தான். விதைப்புக்குக் காசு தேடி நகையை அடகு வைத்த குடும்பத்துக்கு வரும் ஏல அறிவித்தலை எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு கடிதம் கைக்கு வராவிட்டால், தாலிக்கொடி ஏலத்தில் போன பிறகுதான் விடயம் தெரியவரும்.

பெட்டிக்கு முன்னால் முகவரியைச் சரிபார்க்க வேண்டும். 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாமில் அடைபட்டிருந்த மக்களுக்கு முகாம் வலயத்தின் பெயர்தான் முகவரி. 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு இடம் மாறியவர்கள் பலர். வங்கியிலும் பிரதேச செயலகத்திலும் உங்கள் கோப்பில் பழைய முகவரி கிடந்தால், எவ்வளவு உறுதியான பெட்டி வைத்தும் பயனில்லை. கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடத்தை உறுதிப்படுத்தி, ஒவ்வொரு இடத்திலும் எழுத்தில் மாற்றிக் கொடுங்கள்.

இனிப் பெட்டி. கடையில் விற்கும் மெல்லிய தகரப் பெட்டி ஒரு தடி அடிக்கே நெளிந்துவிடும். பிஸ்கற் ரின் ஒரு மாரிக்குள் துருப்பிடிக்கும். வெல்டிங் செய்யும் இடத்தில் 2 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் பெட்டி அடித்துத் தரச் சொல்லுங்கள். அகலம் 12 அங்குலம், உயரம் 16 அங்குலம், ஆழம் 6 அங்குலம் இருந்தால் மடிக்காத பெரிய கடித உறையும் உள்ளே போகும். கடிதம் போடும் வாய் 10 அங்குல நீளம், ஒன்றேகால் அங்குல உயரம். அதைவிடப் பெரிதாக வெட்ட விடாதீர்கள், கை நுழையும்.

முக்கியமான வேலை வாயின் உட்புறத்தில் இருக்கிறது. வாயின் கீழ் விளிம்புக்கு உள்ளேயிருந்து பின்பக்கமாகக் கீழ்நோக்கிச் சரியும் ஒரு தகட்டை ஒட்டச் சொல்லுங்கள். தகட்டுக்கும் பெட்டியின் பின்சுவருக்கும் இடையில் இரண்டு அங்குல இடைவெளி போதும். கடிதம் அதில் வழுக்கி அடியில் விழும். வெளியிலிருந்து விரலோ கம்பியோ விட்டால் தகட்டில் முட்டும். இந்த ஒரு துண்டுத் தகடு, பெரிய பூட்டைவிடக் கூடப் பாதுகாப்பு. வாய்க்கு மேலே ஒன்றரை அங்குலம் வெளியே நீட்டிய கூரைத் தகடும், தானாக மூடும் இலேசான மடலும் வேண்டும். மடல் இல்லாவிட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும், தபால்காரர் கையைக் கொட்டும். அடியில் நான்கு சிறு துளைகள், அவற்றின் மேல் நுளம்பு வலை. முதலில் துருத்தடுப்புப் பூச்சு, பிறகு வெளிர் நிறத்தில் எனாமல்.

கதவை வீதிப் பக்கம் வைக்காதீர்கள். கடிதம் போடும் வாய் வெளியே, எடுக்கும் கதவு வளவுக்குள்ளே. மதில் இருந்தால் அதற்குள் பதித்துக் கட்டலாம். தகர வேலியோ கம்பி வேலியோ இருந்தால், உள்பக்கத்தில் ஒரு சீமெந்துத் தூண் நட்டு, வேலியில் வாயளவுக்கு மட்டும் வெட்டி விடலாம். பூட்டும் பிணைச்சலும் வெளியே தெரியாதபோது, உடைக்க வருபவனுக்குப் பிடிக்க இடமே இல்லை. வாய், நிலத்திலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருந்தால் தபால்காரர் சைக்கிளில் இருந்தபடியே போடுவார்.

வீட்டு இலக்கத்தை மூன்று மொழியிலும் படிக்கும்படி இலக்கமாகவே பெரிதாக எழுதுங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் பெயர் எழுதாமல் இலக்கத்தோடு நிறுத்துவது நல்லது.

அடிக்கடி உடைக்கிறார்கள் என்ற கோபத்தில் சிலர் அளவுக்கு மீறி உறுதியாகக் கட்டப் போவார்கள். அமெரிக்காவில் ஓடும் காரிலிருந்து மட்டையால் கடிதப் பெட்டிகளை அடித்து உடைப்பது இளைஞர்களிடையே நெடுங்கால விளையாட்டு. ஒஹாயோ மாநிலத்தில் பெட்டி உடைபட்ட ஒருவர், எட்டு அங்குல இரும்புக் குழாயை மூன்று அடி ஆழத்தில் புதைத்துப் புதுப் பெட்டி வைத்தார். 2016 டிசம்பரில் பனியில் வழுக்கிய வாகனம் அதில் மோதி, ஓட்டியவருக்கு உடல் செயலிழந்தது. 2021 இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் வீட்டுக்காரர் மீது பொறுப்பில்லை என்றது. வழக்கில் வென்றாலும் ஒரு மனிதரின் உடல் போனது போனதுதான். ஏ-30 இல் இரவில் மோட்டார் சைக்கிள்கள் எப்படி ஓடுகின்றன என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீதி ஓரத்து நிலம் உங்களுடையதல்ல. அங்கே கொங்கிரீட் தூண் நடாதீர்கள். வீதிப் பக்கம் தூண் வைத்தே ஆக வேண்டுமென்றால், வளவின் எல்லைக்குள், நான்கு அங்குலச் சதுர மரக்காலோ இரண்டு அங்குலக் குழாயோ இரண்டு அடி ஆழத்தில் போதும். மோதினால் அது வளைந்துகொடுக்கும்.

பெட்டிக்கு மின்சாரம் கொடுப்பது கொலைக்குச் சமம். யானைக்கும் பன்றிக்கும் போட்ட சட்டவிரோத மின்கம்பியில் மனித உயிர்கள் போன செய்திகள் வன்னிக்குப் புதிதல்ல. கண்ணாடித் துண்டும் ஆணியும் தபால்காரர் கையைத்தான் முதலில் கிழிக்கும். குழி தோண்டும்போது இரும்பு ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல் நிறுத்தி, இடத்தை அடையாளப்படுத்தி, பொலிசுக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ சொல்லுங்கள். காட்டில் கிடந்த பழைய வெடிமருந்துப் பெட்டியைக் கடிதப் பெட்டியாக்கும் ஆசை யாருக்கும் வேண்டாம். இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 இல்தான். அகற்றும் வேலை இன்னும் நடக்கிறது. தூணுக்கு முதிரை, பாலை மரம் தேடுபவர்கள் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றி இறக்கினால் வழக்கு வரும்.

இவ்வளவும் செய்தும் உடைத்தால்? பெட்டிக்குள் இருந்த கடிதத்தை எடுத்தது களவு. தண்டனைச் சட்டக்கோவையின் 367 ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பெட்டியைச் சேதப்படுத்தியது 408 ஆம் பிரிவு சொல்லும் குறும்பு என்ற குற்றம். கடிதம் தபாலகத்திலோ தபால்காரர் கையிலோ இருக்கும்போது பிரித்தாலோ மறைத்தாலோ 1908 ஆம் ஆண்டின் தபாலகக் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. உடைந்த பெட்டியைத் தொடாமல் படம் எடுங்கள். என்ன கடிதம் எதிர்பார்த்தீர்கள், கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். தபாலதிபரிடம் சொல்லி, பூவரசங்குளம் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து, அதன் இலக்கத்தை வாங்குங்கள். சின்ன விடயம் என்று திருப்பி அனுப்பினால், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவிலேயே இருக்கிறது.

செய்தது அயல் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால், நான் முதலில் தேடுவது மத்தியஸ்த சபையை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான அந்தச் சபையில் சட்டத்தரணிக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சட்டம் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பெட்டியைத் திருத்தித் தரத் தகப்பன் ஒத்துக்கொண்டால், ஒழுங்கையில் பகை வளராது.

கடிதம் வராமலே ஒரு வாய்ப்புப் போய்விட்டது, அலுவலகமோ "அனுப்பினோம்" என்கிறது. இங்கேதான் எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருகிறார்கள். அப்படி வரத் தேவையில்லை. தகவலறியும் உரிமைச் சட்டத்தின் (2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம்) கீழ், அந்தக் கடிதத்தின் பிரதி, அனுப்பிய திகதி, எழுதிய முகவரி, பதிவுத் தபால் என்றால் அதன் இலக்கம், கையொப்பமிட்டு வாங்கியவர் யார் என்று கேளுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அரச வங்கிகளுக்கும் இது பொருந்தும். கடிதம் தமிழில் வராததால் விளங்காமல் போயிருந்தால், வட மாகாணத்தில் அரச அலுவலகம் உங்களோடு தமிழில் தொடர்புகொள்ள வேண்டும் என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை சொல்வதைக் காட்டி, அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். தகவல் கேட்ட இடத்தில் அது மறுக்கப்பட்டால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. ஒவ்வொரு முறையும் கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.