கலருக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்குப் பழகிப்போன தொல்லை இது. மணமேடையில் மஞ்சள் ஃபோகஸ் லைட், வாசல் பக்கம் பகல் வெளிச்சம், பின்னால் ஊதா எல்.இ.டி. மூன்றும் ஒரே ஃபிரேமில் கலந்தால், மணப்பெண் ஒரு ஷாட்டில் மஞ்சள் காமாலைக்காரி, அடுத்த ஷாட்டில் சோகைக்காரி. இதைச் சரிசெய்ய எந்த சாஃப்ட்வேர், என்ன விலை என்று எடிட்டிங் பழகும் பிள்ளைகள் கேட்கிறார்கள். சாஃப்ட்வேருக்கு இப்போதைக்கு ஒரு பைசாகூட வேண்டாம் என்பதே என் பதில்.

நிலைமை எப்போதும் இப்படி இருக்கவில்லை. 2000-இல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ' படத்துக்காக, மிசிசிப்பியின் பச்சைப் பசேல் கோடையைக் காய்ந்த பழுப்பாக்க நினைத்தார் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ். முழுப் படத்தையும் ஸ்கேன் செய்து கணினிக்குள் ஏற்றித்தான் அது முடிந்தது. 2004-இல் அமெரிக்காவின் டாவின்சி சிஸ்டம்ஸ் நிறுவனம் 'ரிசால்வ்' என்ற கலர் திருத்தும் கருவியைக் கொண்டுவந்தபோது அதன் விலை லட்சக்கணக்கான டாலர். பெரிய ஸ்டூடியோக்கள் மட்டுமே அதை வாங்க முடிந்தது. 2009-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அந்த நிறுவனத்தையே வாங்கியது. மறு வருடம் ரிசால்வ் 995 டாலருக்கு வந்தது. 2011-இல் இலவசப் பதிப்பும் வந்துவிட்டது. கேமரா விற்கும் நிறுவனத்துக்கு இது தர்மமல்ல, வியாபாரம். அதனால் நமக்கென்ன நஷ்டம்?

இலவசப் பதிப்பிலேயே கலர் வீல், கர்வ், ஒரு நிறத்தை மட்டும் பிரித்தெடுத்து மாற்றும் குவாலிஃபையர், நகரும் முகத்தைத் தொடரும் டிராக்கர் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அல்ட்ரா ஹெச்.டி. அளவுக்கு மேல் வெளியிட முடியாது. இருட்டுக் காட்சியின் புள்ளிகளை அகற்றும் நாய்ஸ் ரிடக்‌ஷன் கிடையாது. புதிய கேமராக்களின் சில 10 பிட் கோப்புகள் திறக்காமல் முரண்டு பிடிக்கலாம். அதனால் உங்கள் கேமராவின் கோப்பு ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். இந்தத் தடைகள் இல்லாத ஸ்டூடியோ பதிப்பு 295 டாலர். நம் பணத்தில் 25 ஆயிரத்துக்கு மேல் ஆனாலும் மாதச் சந்தா இல்லை. சந்தாவில் கிடைக்கும் பிரீமியர் புரோவில் லுமெட்ரி என்ற கலர் கருவி நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சந்தா நின்றால் சாஃப்ட்வேரும் நின்றுவிடும்.

உண்மையான செலவு கம்ப்யூட்டரில் இருக்கிறது. ரிசால்வ் கிராஃபிக்ஸ் கார்டை நம்பி ஓடுகிற சாஃப்ட்வேர். 16 ஜிபி ரேமும் ஓரளவு நல்ல கார்டும் இல்லாத லேப்டாப்பில் அது மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட மெஷினில் கேடன்லைவ், ஷாட்கட் இரண்டில் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம், இரண்டிலும் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து காட்டும் ஸ்கோப் உண்டு.

ஸ்கோப் இல்லாத சாஃப்ட்வேரை, விலை என்னவானாலும், கலர் வேலைக்கு எடுக்காதீர்கள். நம் கண் ஏமாளி. மஞ்சள் வெளிச்சத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் மஞ்சளே வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கும். ஸ்கோப் அப்படி ஏமாறாது. வேவ்ஃபார்மில் வெளிச்சம் மேலே முட்டி நிற்கிறதா, நிழல் அடியில் நசுங்குகிறதா என்று தெரியும். வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறத்துக்கென்றே ஒரு கோடு உண்டு. கறுப்போ சிவப்போ மாநிறமோ, இயல்பான வெளிச்சத்தில் மனிதத் தோல் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். மணப்பெண்ணை 'சிவப்பாக்கித் தாங்க' என்று கேட்கும் வீட்டாருக்கு இதை யார் சொல்வது!

வேலையின் வரிசை இது: முதலில் ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், பிறகு கான்ட்ராஸ்ட், கடைசியில்தான் சாச்சுரேஷன். இணையத்தில் மூட்டைகட்டி விற்கிற 'சினிமா லுக்' லட் என்ற ரெடிமேட் நிறக் கோப்புகளை இதற்கெல்லாம் முன்னால் போட்டால் கோளாறு இரட்டிப்பாகும்.

கிராக் செய்த சாஃப்ட்வேர் பக்கம் போகாதீர்கள். அதோடு வரும் வைரஸ், ஒரு குடும்பத்தின் கல்யாண ஃபுட்டேஜையே அழித்துவிடக்கூடும். அந்தக் கல்யாணத்தை மறுபடி எடுக்க முடியாது. கையில் பணம் இருந்தால் முதலில் எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்களை முழுதாகக் காட்டும் ஒரு ஐ.பி.எஸ். மானிட்டர், அடுத்து கிராஃபிக்ஸ் கார்டு. நாய்ஸ் ரிடக்‌ஷன் இல்லாமல் முடியாது என்கிற வேலை கைக்கு வரும்போது ஸ்டூடியோ பதிப்பை வாங்கிக்கொள்ளலாம்.