கணிப்பொறி திறக்க மறுத்தால் கணக்கைக் காப்பது எப்படி?

நமது மாவட்டத்தில் கோட்டாறு, வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம் கடைவீதிகளில் பேரேடு புரட்டிய காலம் போய், பில் முதல் சரக்கிருப்பு வரை கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளை நாம் பாதுகாத்தாக வேண்டும். ஆகவே காலையில் பெட்டி திறக்கவில்லை என்றால் அன்றைய வியாபாரத்தோடு பல வருடக் கணக்கும் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள்.

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருப்பது இன்று அபூர்வமல்ல. 2011ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸ் 7ம், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்ததால், பழைய பெட்டியை எறிய மனமில்லாமல் லினக்ஸையும் சேர்த்து வைப்போர் உண்டு.

கம்ப்யூட்டர் திறக்கும் முறையை முதலில் அறிவோம். டிஸ்க்கை ஒரு கிட்டங்கியாக நினைத்துக்கொள்ளுங்கள். தடுப்புச் சுவர் எழுப்பிப் பிரித்த அறைகளே பார்ட்டிஷன்கள். எந்த அறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற பட்டியல் டிஸ்க்கின் முகப்பில் இருக்கிறது. பழைய முறையில் 512 பைட் கொண்ட முதல் பகுதிக்குள் அந்தப் பட்டியலுக்கு 64 பைட்தான் இடம், புதிய ஜி.பி.டி. முறையில் டிஸ்க்கின் கடைசியிலும் ஒரு நகல் உண்டு. எந்த அறையைத் திறப்பது என்று கேட்கும் வாசல்காரன்தான் பூட் லோடர். லினக்ஸில் அதன் பெயர் கிரப். பட்டியல் கிழிந்தாலும் வாசல்காரன் இல்லாமற்போனாலும் உள்ளே மூட்டைகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். இதை உணராமல் அவசரப்பட்டு பார்மட் செய்வதால்தான் பெருநஷ்டம் வருகிறது.

பழுதை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பயாஸ் திரையிலேயே டிஸ்க் பெயர் தெரியாதது. வயர் கழன்றிருக்கலாம், டிஸ்க்கே கெட்டிருக்கலாம். 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மறுபடி மறுபடி ஓட்டினால் மிஞ்சியதும் போகும்.

இரண்டாவது, டிஸ்க் தெரிகிறது, ஆனால் தேர்வுப் பட்டியல் வரவில்லை. பழைய பெட்டிகளில் விண்டோஸை மறுபடி நிறுவினால் அது கிரப்பை அழித்துத் தன் வாசல்காரனை வைத்துவிடும். 'இடம் வீணாகிறது' என்று லினக்ஸ் அறையை அழித்தால், அந்த அறையில் இருந்த கிரப்பின் மறுபாதியும் போய், 'கிரப் ரெஸ்க்யூ' என்ற கறுப்புத் திரை நிற்கும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று உலகெங்கும் பல இரட்டைப் பெட்டிகளில் லினக்ஸ் திறப்பதைத் தடுத்தது. செக்யூர் பூட் பாதுகாப்பு விதியை அது மாற்றியதே காரணம். டிஸ்க்கில் எந்தக் கோளாறும் இல்லை.

மூன்றாவது, விண்டோஸ் திறந்தாலும் 'இந்த டிரைவை பார்மட் செய்யவேண்டும்' என்று கேட்பது. கேன்சல் செய்யுங்கள். எஸ்.எஸ்.டி. டிஸ்க்காக இருந்தால் பார்மட் செய்தபின் மீட்பது மிக அரிது.

செய்யவேண்டியதன் வரிசை முக்கியம். கணக்கை எடுத்த பிறகே பழுதுபார்க்க வேண்டும். பென் டிரைவிலிருந்து லினக்ஸை, நிறுவாமல், 'டிரை' முறையில் திறந்து, கணக்கு போல்டரை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அறையே தெரியவில்லை என்றால், முதலில் டிடிரெஸ்க்யூ மூலம் முழு டிஸ்க்கையும் இன்னொன்றுக்குப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். தொலைந்த அறைகளை அது தேடிக் காட்டும். உள்ளே நம் கோப்புகள் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே புதுப் பட்டியலை எழுதச் சொல்லுங்கள்.

பிறகு வாசல்காரனுக்கு வருவோம். புதிய பெட்டிகளில் பயாஸில் பூட் வரிசையை மாற்றினாலே பலமுறை சரியாகிவிடும். இல்லையேல் பென் டிரைவ் லினக்ஸிலிருந்து கிரப்பை மறுபடி நிறுவலாம். பழைய பெட்டியில் விண்டோஸ் மட்டும் போதும் என்றால் அதன் டிஸ்க்கிலுள்ள பூட்ரெக் கட்டளை உதவும். செக்யூர் பூட்டில் கைவைக்குமுன் பிட்லாக்கர் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கணக்கே பூட்டிக்கொள்ளக்கூடும்.

வருமுன் காப்பதே மேல். விண்டோஸின் 'பாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியை நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் மூடிய விண்டோஸ் அரைத்தூக்கத்திலேயே இருக்கும். அந்நேரம் லினக்ஸ் அதே அறையில் எழுதினால் கோப்புகள் சிதையும். 2017ல் ஒக்கிப் புயலின்போது நம் மாவட்டம் மின்சாரமின்றித் தவித்ததை மறக்கமுடியாது. எழுதும் நடுவே மின்சாரம் போவதும் டிஸ்க்குக்கு எமன்தான். ஆகவே யு.பி.எஸ். கட்டாயம். தினமும் கடை அடைக்குமுன் கணக்கின் நகல் ஒன்றை எடுத்து, கடைக்கு வெளியே வையுங்கள். கல்லாவைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோகும் நமக்கு இது புதுப்பழக்கமா என்ன?