எதை முதலில் அளப்பது?

கடல் நமக்குச் செய்யும் பணிகள் பல. மீன் தருகிறது, கரியமில வாயுவை உள்வாங்குகிறது, கரையோரக் காடுகளால் புயலின் வேகத்தைத் தணிக்கிறது. கரையில் ஒரு திட்டம் வரும்போது இவை அனைத்தையும் அளந்து பார்க்கக் காலமும் பொருளும் போதா. அப்படியானால் எதை முதலில் அளப்பது?

எளிதில் அளக்கக்கூடியதை அளப்பதே வழக்கமாக இருக்கிறது. மீனுக்கும் விறகுக்கும் சந்தையில் விலை உண்டு. விலையில்லாத பணியோ கணக்கேட்டில் இடம்பெறாமலே போய்விடுகிறது.

ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தைப் பாருங்கள். அங்கு நெல் விளைவிப்பதற்காக அலையாத்திக் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. 1999 அக்டோபர் 29-ஆம் நாள் பெரும்புயல் தாக்கியது. சௌதாமினி தாசும் ஜெஃப்ரி வின்சென்டும் ஊர்வாரியாகக் கணக்கிட்டு, 2009-இல் தம் ஆய்வை வெளியிட்டனர். கடலுக்கும் ஊருக்கும் இடையே காடு அகன்றிருந்த இடங்களில் உயிரிழப்புக் குறைவு என்று அது காட்டியது. முன்னெச்சரிக்கை இன்னும் மிகுதியான உயிர்களைக் காத்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. நெல்லின் விலை முன்பே தெரியும். காட்டின் காவல் புயலுக்குப் பின்பே கணக்கில் ஏறியது.

ஆகவே, அளவுகோலை எடுக்குமுன் மூன்று வினாக்கள் வேண்டும் என்பது என் கருத்து. இத்திட்டத்தால் எந்தப் பணி மாறும்? அதனால் யாருடைய வாழ்வு தாக்குறும்? இழந்தால் மீட்க இயலுமா? மாற்றமும் பாதிப்பும் மிகுந்து, மீட்பும் அரிதாக இருக்கும் பணியையே முதலில் அளக்க வேண்டும்.

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை ஆட்சிப் பணிக்கும் பொறியியல் துறைக்கும் செல்வோம். திட்ட அறிக்கை நம் மேசைக்கு வரும். அதில் அளக்கப்படாமல் விடுபட்டது எது என்று அன்று கேட்போமாக.