வகுப்புப் பெயரும் இணையப் பக்க ஒப்பனையும்

இணையப் பக்கத்தில் பொருள் வேறு, ஒப்பனை வேறு. பொருளை எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி தாங்கும். எழுத்தின் நிறம், அளவு முதலியவற்றை சி.எஸ்.எஸ். என்னும் ஒப்பனைத்தாள் வகுக்கும். நார்வே நாட்டு அறிஞர் ஹோக்கன் வியூம் லீ 1994-இல் முன்மொழிந்த இவ்வொப்பனை முறை, 1996 டிசம்பரில் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. குறிமொழியையும் ஒப்பனைத்தாளையும் இணைக்கும் பாலங்களுள் தலையாயது 'கிளாஸ்' எனப்படும் வகுப்புப் பண்பு.

ஒரு பக்கத்தில் நூறு பத்திகள் இருக்க, அவற்றுள் ஐந்து மட்டும் சிவப்பெழுத்தில் தோன்ற வேண்டும் எனக் கொள்வோம். அவ்வைந்தின் தொடக்கக் குறியிலும் 'எச்சரிக்கை' என வகுப்புப் பெயர் இடுக. ஒப்பனைத்தாளில் அப்பெயரின் முன் ஒரு புள்ளி வைத்து, நிறம் சிவப்பு என விதித்தால் ஐந்தும் ஒருங்கே சிவக்கும். இப்பெயரைத் தமிழெழுத்திலேயே இடலாம், விதி தடுப்பதில்லை. இடைவெளி விட்டு ஓர் உறுப்புக்குப் பல பெயர் சூட்டலாம்; ஆகவே ஒரு பெயரினுள் இடைவெளி வரலாகாது.

பெயரிடுங்கால் ஒன்று கருதுக. 'சிவப்பு' என்றே வகுப்புக்குப் பெயரிடுவோர் உளர். நாளை அந்நிறத்தை நீலமாக்கினால் பெயர் பொய்யாகிவிடும். பெயரை மாற்றப் புகுந்தாலோ, அது வரும் பக்கங்களை எல்லாம் திருத்த நேரும். 'எச்சரிக்கை' எனப் பெயரிட்டிருப்பின், ஒப்பனைத்தாளில் ஒரு வரியை மாற்றினால் போதும். நிறம் மாறும்; பணி மாறாது. ஆதலின் தோற்றத்தால் அன்றிப் பணியால் பெயரிடுதலே நன்று.