எல்லை அறியாத அலைகள்

உட்லண்ட்ஸ் கடற்கரையோரம் நடக்கிறீர்கள். கடப்பிதழ் வீட்டில் இருக்கிறது. ஆனாலும் ‘மலேசியாவுக்கு நல்வரவு’ என்று கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி வருகிறது. எப்படி?

ஜோகூர் நீரிணையைக் கடக்கும் கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர்தான். கைத்தொலைபேசிக் கோபுரத்தின் அலைகள் அதைவிடத் தொலைவு செல்லக்கூடியவை. நீர்ப்பரப்பில் அவற்றைத் தடுக்கக் கட்டடங்களும் இல்லை.

ஒவ்வொரு தொலைபேசிக் கட்டமைப்பும் தன் நாட்டு எண்ணை ஓயாமல் ஒலிபரப்புகிறது. சிங்கப்பூருக்கு 525, மலேசியாவுக்கு 502. உங்கள் கைத்தொலைபேசி முதலில் சிம் அட்டைக்கு உரிய நிறுவனத்தைத் தேடும். அந்தச் சமிக்ஞை கிடைக்காவிட்டால், அக்கரைக் கோபுரத்துடன் இணைந்துவிடும். நீங்கள் எந்த மண்ணில் நிற்கிறீர்கள் என்று அது பார்ப்பதில்லை; கிடைக்கும் எண்ணைத்தான் பார்க்கிறது. வரைபடத்தில் எல்லை ஒரு கோடு; கைத்தொலைபேசிக்கு அது ஓர் எண்.

இதனால், வீட்டைவிட்டு வெகுதூரம் போகாமலேயே உங்களுக்கு வெளிநாட்டுக் கட்டணம் விழலாம். எல்லையோரம் வசிப்பவர்கள் ரோமிங் தரவுச் சேவையை அணைத்துவைப்பது நல்லது. அல்லது, தானியங்கித் தேர்வை நிறுத்திவிட்டு, சொந்த நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். உண்மையாகவே பாலத்தைக் கடக்கும் நாளில் மட்டும், அதை மறக்காமல் மாற்றிவிடுங்கள். இல்லையேல் அக்கரையில் தொடர்பே கிடைக்காது!